மாமியாரோடு மூணாறு: உறைபனி, தேயிலை, ஒரு வடம்வலி

டிசம்பர் பிறந்தால் போதும், குழந்தைகளோடு மூணாறு போகலாமா என்று கேட்டு எனக்குச் செய்திகள் வர ஆரம்பித்துவிடும். நான் பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நானே சுற்றுலாப் பயணியாகப் போய்வந்தேன். கூட வந்தவர்கள் எட்டு வயது மகள் யாழினியும் என் மாமியாரும்.

மாமியார் வந்ததுதான் பெரிய சங்கதி. எங்கள் வீடு பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், மீனாட்சிபுரத்தில் இருக்கிறது. ஏழு மாடுகள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அத்தை ஒருமுறைகூட என் பிறந்த வீட்டுக்கு வந்ததில்லை. கூப்பிடும்போதெல்லாம், மாட்டை யார் பார்ப்பது என்பார். என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். தம்பி குடும்பத்தோடு, எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த இரண்டு அறை லைன் வீட்டில் இருக்கிறார். தோட்டம் துரவோடு வாழ்ந்த அத்தைக்கு அங்கே வர மனமில்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த டிசம்பரில் மூன்று மாடுகள் பால் வற்றி நின்றன. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கணவர் சொன்னதும், அத்தை பேசாமல் பையில் சேலைகளை எடுத்து வைத்தார். நானும் பேசாமல் மூணாறு டவுனில் இரண்டு ராத்திரிக்கு ஒரு அறை போட்டேன்.

இனி வழி. கேரளத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கேரளத்தில் இருக்கும் மூணாறுக்குப் போக, நடுவில் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, பிறகு சின்னாறு சோதனைச்சாவடி, மறையூர், மூணாறு. மொத்தம் சுமார் 125 கிலோமீட்டர். டிசம்பர் 31 காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். உடுமலையில் எட்டரை மணிக்கு மூணாறு பஸ் கிடைத்தது. வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்கம் உட்காருங்கள் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் சொல்வது, முன்பக்கம் உட்காருங்கள். ஏன் என்று இதோ சொல்கிறேன்.

சின்னாறு காட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. யாழினி மானைக் காட்டினாலும் திரும்பவில்லை. கண்ணை மூடி, வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வர இஷ்டமில்லாமல் வந்துவிட்டார், அங்கே போய் அம்மா முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளப் போகிறார் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. உண்மையில் கலங்கிக்கொண்டிருந்தது அவர் வயிறு. மறையூருக்கு நாலைந்து வளைவு முன்னால் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். எல்லாம் முடிந்த பிறகு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இதுக்குத்தான் கண்ணு நானு வர்லீன்னு சொல்லிட்டிருந்தது. சம்மந்தி ஊட்டு வாசல்ல போயி வாந்தி எடுத்துட்டு நிக்கோணுமா?"

ஒன்பது வருடப் புதிர் இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் எனக்குப் பாதி நிம்மதிதான். லைன் வீட்டை அவர் இன்னும் பார்க்கவில்லையே.

மறையூரில் பத்து நிமிடம் நிற்பார்கள். எலுமிச்சைச் சாறு குடிக்க அது போதும். மதியம் பன்னிரண்டரைக்கு மூணாறு. சாப்பிட்டுவிட்டு தேயிலை அருங்காட்சியகம் போனோம். திங்கட்கிழமை விடுமுறை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பழைய இயந்திரங்கள் பிடிக்கும், பெரியவர்களுக்குக் கடைசியில் தரும் டீ பிடிக்கும். சாயங்காலம் பூங்காவில் விளக்குகள். அன்று கூட்டம் நெரிந்தது. ஸ்வெட்டரை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், டவுனில் அன்றைக்கு விலை கேட்கவே பயமாக இருந்தது.

மறுநாள் விடிகாலை உறைபனி பார்க்க ஜீப். போய்வர ஆயிரத்து இருநூறு ரூபாய். ஆறரைக்குள் புல்வெளியில் இருக்க வேண்டும், வெயில் ஏறினால் ஒன்றும் மிஞ்சாது. உப்பைக் கொட்டி வைத்த மாதிரி புல் முழுக்க வெள்ளை. யாழினி ஜீப் கண்ணாடியில் தன் பெயரை எழுதினாள். அத்தை குனிந்து ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கி உள்ளங்கையில் உருகவிட்டுப் பார்த்தார். மாடு இதைத் தின்றால் வயிறு உப்பாதா என்று டிரைவரிடம் கேட்டார். வெயில் வந்த பிறகுதான் இங்கே மாட்டை அவிழ்ப்பார்கள் என்று டிரைவர் சொன்னதும் அவருக்குத் திருப்தி. நாம் படம் எடுக்கும் இதே பனிதான் தேயிலையைக் கருக்கிவிடும். இது கூடினால் என் அம்மா மாதிரி ஆட்களுக்கு வேலை குறையும். பார்க்கப் போகிறவர்கள் இதையும் தெரிந்துவைத்திருக்கலாம்.

அங்கிருந்து நேராக அம்மா வீடு. அம்மா எனக்கு மேல் பதற்றத்தில் இருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். அத்தை ஒன்றில் நுனியில் உட்கார்ந்தார், அம்மா நின்றுகொண்டே இருந்தார். மழை, பால் விலை, யாழினியின் படிப்பு என்று பேச்சு அறுந்து அறுந்து போனது. சாப்பாட்டில் அம்மா கறியை வைத்துக்கொண்டே இருக்க, வயிறு சரியில்லாத அத்தை மறுக்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் திணறினார். சாயங்காலமே டவுனுக்குத் திரும்பிவிடலாம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

புத்தாண்டு அன்று எஸ்டேட் மைதானத்தில் விளையாட்டு நடக்கும். வெளியாட்களும் போகலாம், டிக்கெட் கிடையாது. சாக்கு ஓட்டம், உறியடி, கடைசியில் பெண்களுக்கான வடம்வலி, அதாவது கயிறு இழுக்கும் போட்டி. மாமியார் அணி ஒரு பக்கம், மருமகள் அணி ஒரு பக்கம். பக்கத்துக்கு ஆறு பேர். நானும் தம்பி மனைவியும் மருமகள் அணியில் சேர்ந்துகொண்டோம். மாமியார் அணியில் ஐந்து பேர்தான் தேறினார்கள். ஆறாவது ஆளுக்கு முழங்கால் வலி. மைக்கில் ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கயிற்றைப் பிடித்து நின்றிருந்த அம்மா, கூட்டத்தில் இருந்த அத்தையைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு நேராக நடந்து போனார்.

"மதினி, ஒரு ஆளு கொறையுது. வாரீகளா?"

அத்தை என்னைப் பார்த்தார்.

"கன்னுக்குட்டியத்தான் இழுத்துப் பழக்கமுங்க," என்றார் அத்தை. "இதுக்கு ஆகுமுங்களா?"

"அது போதும்," என்றார் அம்மா.

அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றார். முதல் சுற்று எங்களுக்கு. ஆறு மாமியார்களும் புல்லில் சரிந்தார்கள். அத்தை எழுந்து மண்ணைத் தட்டியபடி அம்மா காதில் ஏதோ சொன்னார். அடுத்த சுற்றில் இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்தார்கள். நாங்கள் அசைக்கப் பார்த்தோம், அசையவில்லை. மூன்றாவது சுற்றில் விசில் அடித்து முடிப்பதற்குள் என் கால் வழுக்கியது, எனக்குப் பின்னால் இருந்தவர்கள் என் மேல் விழுந்தார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால், என் மாமியாரின் மடியில் என் அம்மா விழுந்து கிடக்கிறார். இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நாற்காலியைத் தாண்டிப் போய் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா அவர் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். டவுனில் போட்ட அறையை வேண்டாமென்று சொல்லிவிடச் சொன்னார் அத்தை. அன்று ராத்திரி நான், தம்பி மனைவி, யாழினி உள் அறையில் படுத்தோம். அடுப்படியில் பேச்சு ஓய்வதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய உறைபனிக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் உத்தரவாதம் கிடையாது. சின்னாறு வழியில் ராத்திரியில் விடமாட்டார்கள், பகலிலேயே கடந்துவிடுங்கள். மலைப் பாதை ஒத்துக்கொள்ளாதவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். பார்க்க வேண்டிய இடங்களோடு, அங்கே இருப்பவர்கள் விளையாடும் ஒரு மைதானத்துக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். யாராவது கயிற்றைக் கொடுத்தால் பிடியுங்கள்.

ஊர் திரும்பியதிலிருந்து பால் சொசைட்டியில் அத்தை இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மருமகளை இழுத்துக் கீழே தள்ளிய கதை. போன வாரம் நானும் பால் கேனோடு நின்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எங்கள் பக்கம் பத்துப் பேராகிவிட்டோம். அவர் பக்கம் இப்போது இரண்டே பேர். அவரும், என் அம்மாவும்.