அப்பாவின் வலது தோள்

இதை எழுத நோட்டை எடுத்து, பெரியப்பா மனம் நோகுமே என்று எத்தனையோ வருடம் மூடி மூடி வைத்தேன். எங்களைத் தூக்கி வளர்த்தவர். ஆனால் போன ஆடியில் குலசாமி கோயிலில் அவர் அப்பா நோயில் விழுந்த அந்தக் கதையை மறுபடி சொன்னார். இனியும் வாயை மூடினால் சாமி என்னை மன்னிக்காது.

போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் அப்பா மூட்டை தூக்கினார். அங்கே மேஸ்திரி பெரியப்பாதான். விடியலில் ஜீப்பு ஏறும்போதே உடம்புவலி மாத்திரையைத் திருநீறு மாதிரி ஆளுக்கு ஒன்று கொடுப்பார். வெறும் வயிற்றில், பால் இல்லாத கட்டங்காப்பியோடு.

"போட்டுக்கடா, சோலி வெரசா முடியும்" என்பார்.

வெரசாகத்தான் முடிந்தது. ஒருநாள் அப்பா மூட்டையோடு சுருண்டு விழுந்தார். தினமும் வெறும் வயிற்றில் போட்ட மாத்திரையால் இரைப்பையை ஒட்டிய குடலில் புண் வந்து, ஓட்டையே விழுந்துவிட்டதாம். பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கே வயிற்றைத் திறந்து தைத்தார்கள்.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. விடாத விக்கல். வலது தோளில் வலி.

"காச்ச அனலா அடிக்குது மாமா, ஆசுபத்திரிக்குக் கொண்டு போவமா?" என்று அம்மா பெரியப்பாவிடம் கேட்டாள்.

"இருவது வருசம் மூட்ட தூக்குன தோளு வலிக்காம என்ன செய்யும்? சுளுக்கு. எண்ணெய போட்டு நீவுங்க."

"விக்கலு?"

"தோட்டத்துல எவளோ நெனைக்கிறா."

பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "நேந்த கெடாய வெட்டாம வயித்துல கத்தி வச்சா சாமி சும்மா இருக்குமா?" என்றும் பெரியப்பா சொல்லிவிட்டுப் போனார்.

நீவும் வேலை எனக்கு வந்தது. ஒன்பது வயது. நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டு, "கொறஞ்சிருக்காப்பா?" என்று கேட்பேன்.

"கொறஞ்சிருச்சு ஆத்தா. உன் கையி மருந்துக் கையி."

தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எட்டாம் நாள் அப்பாவால் மூச்சை இழுக்க முடியவில்லை. அம்மா யாரையும் கேட்காமல் லோடு ஜீப்பை மறித்து அவரை ஏற்றினாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, எண்ணெய் மினுங்கிய தோளைப் பார்த்துத் திட்டினார். "நோவு இங்க இல்லம்மா. வயித்துக்குள்ள ஈரலுக்கு மேல சீழ் கட்டி நிக்குது. அது தோள்லதான் வலி காட்டும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆள் தங்கியிருக்க மாட்டாரு."

விலாவில் குழாய் வைத்து இரண்டு வாரம் சீழை வடித்தார்கள். அப்பா பிழைத்தார், அதற்குப் பிறகு மூட்டை தொடவில்லை.

பெரியப்பாவோ, கிடாயை மறந்ததற்குச் சாமி தண்டித்தது என்றே இன்றும் சொல்கிறார். நான் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். கேட்கிறேன், வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்தது எந்தச் சாமி? தோளை நீவச் சொன்னது எந்தச் சாமி?

அப்பா எனக்காகத்தான் குறைந்ததென்று சொன்னார் என்பது அந்த வயதில் தெரியவில்லை. அதை நம்பித்தான் அம்மாவும் நாலு நாள் பொறுத்திருந்தாள் என்பதும் தெரியவில்லை.

நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சாமி பேரைச் சேர்க்க வேண்டாம். தோளை நீவிய என் கையையும் சொல்லாமல் விட்டுவிட வேண்டாம்.