வால்தம்ஸ்டோ வீட்டு எகிப்துக் கதிரை

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விடுகிற ஆள் நான். ஊரில் பௌதிகம் படிப்பித்தவன். நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நானும் மனைவி மாலதியும் லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், முன்னறையில் ஒரு கதிரையை மட்டும் விட்டிருந்தார். பிரெஞ்சுக் கதிரை, பிரான்சில் எகிப்து மோகம் பிடித்திருந்த காலத்தில் செய்தது, இருநூறு வருடப் பழசு என்று சொன்னார். இரண்டு கைப்பிடிகளின் முனையிலும் ஒவ்வொரு பெண் தலை செதுக்கியிருந்தது. எகிப்து முக்காடு, நீண்ட கண், சிரிக்கிறாளா இல்லையா என்று தெரியாத வாய். எனக்கு அது பிடிக்கவே இல்லை. மாலதிக்கோ அதுதான் எல்லாம். நான் ஷிப்டுக்குப் போனபின் பேச்சுத் துணைக்கு ஆளில்லை, வயிற்றில் பிள்ளை வேறு. அதில் இருந்துகொண்டு அந்த முகங்களைத் தடவித் தடவி ஊர்ப் புதினமெல்லாம் கதைப்பாள். "அக்காமார்" என்றுதான் சொல்வாள்.

பெப்ரவரியில் ஒரு நாள் நல்ல பனி. டாக்டர் சொன்ன நாளுக்கு மூன்று கிழமை முந்தி, விடிய எழும்பும்போதே அவளுக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். பத்து மணிபோல அவர்களே திருப்பி எடுத்து, உங்கள் தெருவுக்குள் வண்டி ஏறாது, சந்தியில் வந்து நின்று எங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். மாலதி அந்தக் கதிரையில் இருந்தாள். அவிழ்ந்த தலைமயிர் வியர்வையில் முகமெல்லாம் ஒட்டிக் கிடந்தது. ஒதுக்கிவிட்டேன், திரும்ப விழுந்தது.

"உம்மைத் தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது?"

"நான் இவையைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன். நீங்கள் கெதியாப் போட்டு வாங்கோ."

கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். வழுக்கி இரண்டு தரம் விழுந்தேன். வண்டிக்காரர் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தால் அவள் அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். கைப்பிடியை விடமாட்டேன் என்றாள். அந்தக் கதிரையிலேயே எங்கள் மகள் பிறந்தாள்.

பிள்ளையை நெஞ்சில் வைத்ததும் அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அந்தப் பொம்பிளையள் எங்க போட்டினம்?"

"ஆர்?"

"ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. மற்றது, பின்னுக்கு நிண்டு தலை வாரி இழுத்துவிட்டவ."

கதிரையில் இருந்தது இரண்டு தலைதான். நோவின் மயக்கம் என்று நினைத்தேன். இப்போதும் அந்தப் பகுதியை அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்க்க வந்த ஜமேக்கா நர்ஸ் மாலதியின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். தலை முழுக்க மெல்லிய பின்னல்கள், நூல்போல, ஒரு மயிர் பிசகாமல், பிடரியில் சேர்த்து முடிந்திருந்தது. எங்கள் பெண்கள் யாரும் அப்படிப் பின்னுவதில்லை.

"யார் இவ்வளவு அழகாகப் பின்னியது?" என்று நர்ஸ் கேட்டார். "என் தங்கைக்கு நான் பின்னுவேன். இப்படிப் பின்ன மூன்று மணித்தியாலமாவது வேண்டும்."

மாலதிக்கு ஒரு சொட்டுப் பயமில்லை. "பயப்பிட என்ன கிடக்கு? கூப்பிடாமலே வந்து நிண்டவை" என்பாள். வெள்ளைக்கார அம்மாவிடம் கேட்டு அந்தக் கதிரையை வாங்கிவிட்டாள், இன்றும் வெள்ளிக்கிழமைகளில் அவள்தான் துடைப்பாள்.

நான் பிறகு ஒரு நாள் மணிக்கூட்டைப் பார்த்து நடந்தும் பார்த்தேன். சந்திக்குப் போய், நின்று, திரும்பி வர இருபத்திரண்டு நிமிடம். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தாய் அவளுக்குத் தலை பின்னும்போது நான் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுவேன். இப்போதும் யாராவது யாருக்காவது தலை பின்னிவிட்டால் என்னால் அந்த அறையில் இருக்க முடிவதில்லை.