ஏலத்துக்கு வந்த தண்ணீர்

வேப்பங்கன்றைச் சாகடிப்பது லேசான காரியமில்லை. ஆடு கடித்தாலும் துளிர்க்கும், ஆள் மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட வேம்பில் இரண்டை, எட்டு வயதில், ஒரே மழைக்காலத்தில் நான் சாகடித்தேன். அப்படித்தான் எங்கள் சபை நம்பியது. கொஞ்ச காலம் நானும் அப்படித்தான் நம்பினேன்.

அப்போது ஐதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில், மருந்துக்கு மூலப்பொருள் செய்யும் ஒரு கம்பெனியின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே ஸ்டோர்ஸில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பாவைக் கூட்டிவந்து அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர் கம்பெனியின் மேனேஜர். அவரே எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்குச் செயலாளரும்கூட. வாரத்தில் ஆறு நாள் அப்பா அவருக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குக் கீழேதான்.

சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. சிகந்தராபாத்தில் ஒரு தெலுங்குக் கோயிலில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். தெலுங்கு ஆராதனை முடிந்து அவர்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவோம். முன் வரிசைகளில் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் ரயில்வே குடும்பங்கள். பின் வரிசையில் கச்சிபௌலியில் புதிதாக முளைத்த கணினிக் கம்பெனிகளுக்கு வந்திருந்த பையன்கள்; ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். என் தாய்மாமாவும் அவர்களில் ஒருவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி பாதிரியாரை ஐயர் என்போம். பள்ளித் தோழிகளிடம் "எங்க ஐயர்" என்று சொல்லி நான் பட்ட பாடு தனிக் கதை.

மழை தொடங்கும் முன் சுற்றுச்சூழல் ஞாயிறு வந்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வேப்பங்கன்றும் ஒரு பச்சைத் தொப்பியும் கொடுத்தார்கள். இரண்டும் செயலாளருடைய கம்பெனியின் அன்பளிப்பு. பூமி கடவுள் நம்மை நம்பி ஒப்படைத்த தோட்டம் என்று செயலாளர் நன்றாகவே பேசினார். அறுப்பின் பண்டிகைக்குள் யார் கன்று செழிப்பாக வளர்கிறதோ அவர்களுக்குக் காந்தம் வைத்து மூடுகிற பென்சில் பாக்ஸ் பரிசு. அந்த டப்பாவைக் கையில் எடுத்து, திறந்து, 'டக்' என்று மூடிக் காட்டினார். எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

கன்றை ஆடு மேய்ந்துவிடக் கூடாதென்று வராந்தாவுக்குள் வைத்தேன். காலையும் மாலையும் போர்வெல் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். குடிக்க எங்களுக்குக் கம்பெனி கேன் வரும். குளிக்க, துவைக்க, மற்ற எல்லாவற்றுக்கும் போர்தான். அந்தத் தண்ணீர் வடிகட்டாத டீ மாதிரி நிறமாக இருக்கும், மருந்துக்கடைக்குள் நுழைந்தாற்போல ஒரு வாடையும் வரும். பிறந்தது முதல் அதில் குளித்தவள் நான். தண்ணீர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கன்றின் நுனி முதலில் கருகியது. இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றினேன். ஒரேயடியாகப் பட்டுப்போயிற்று.

ஓய்வுநாள் பள்ளி டீச்சர் இன்னொரு கன்று கொடுத்தார். அதுவும் போனது. இந்தத் தடவை டீச்சர் எல்லோர் முன்னாலும் என்னை நிற்கவைத்து, வேதம் சோம்பேறிக்குச் சொல்கிறபடி எறும்பிடம் போய்ப் பாடம் கற்றுக்கொள்ளச் சொன்னார். நான் அழுதுகொண்டே, தினமும் ஊற்றினேன் என்று தெலுங்கில் சத்தியம் செய்தேன். தமிழில் அழ எனக்கு வராது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் திட்டவில்லை. பட்ட கன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தொட்டி மண்ணை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, நீ கேன் தண்ணி ஊத்தினியா, குழாத் தண்ணியா?"

"குழாதான். கேன் தண்ணி நக்கோன்னு நீதானே சொன்னே?"

ஐதராபாத் பேச்சில் நக்கோ என்றால் வேண்டாம். அம்மா மண்ணைக் கீழே போட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். வேம்பே பட்டுப்போச்சே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். என் அம்மா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். அதை நாங்கள் முழுசாகப் பார்த்தது அந்த வருஷம்.

முதலில் செயலாளரிடம் கேட்டாள். "தண்ணியில இரும்புச் சத்து ஜாஸ்தி தங்கச்சி, உடம்புக்கு நல்லதுதான்" என்று சிரித்தார் அவர். அடுத்து, ஜெபக் குறிப்பு சொல்லும் நேரத்தில் எழுந்து, பட்டான்செரு போர் தண்ணீருக்காக ஜெபிக்க வேண்டும் என்றாள். ஐயர் கண்ணை மூடி, எல்லா நீர்நிலைகளையும் ஆசீர்வதியும் என்று முடித்தார். அடுத்த வாரமும் அம்மா எழுந்தாள். அதற்கடுத்த வாரமும். ஐயரும் விடாமல் எல்லா நீர்நிலைகளையும் ஆசீர்வதித்தார்.

"எல்லா நீர்நிலையும்னா ஒரு நீர்நிலையும் இல்லன்னு அர்த்தம்" என்று அம்மா வீட்டில் வந்து பொரிவாள்.

பிறகு பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து நாலைந்து பேரை ஷேர் ஆட்டோவில் திணித்துக் கூட்டிவந்தாள். குவார்ட்டர்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஊருக்கு அழைத்துப் போய், அங்குள்ள பெண்கள் குடத்தில் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினாள். அவர்களுக்குக் கேன் கிடையாது. அதைத்தான் குடித்தார்கள். வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எங்கள் வீட்டில் கேன் தண்ணீரில் போட்ட காப்பியைக் குடித்தார்கள். ஆனாலும் செயலாளர் மனசு நோகக் கூடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோயிலில் போட்டிருந்த நாற்காலியெல்லாம் அவர் கொடுத்தது.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடந்த பேச்சு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அவரைப் பகைச்சிட்டு இந்த வீட்ல இருக்க முடியாது, பாத்துக்க" என்றார் அப்பா.

"இருக்க வேண்டாம்."

"வேலை?"

"சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கவங்க எதைக் குடிக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும்லா? தெரிஞ்சுக்கிட்டு எப்படி என்னால கோயில்ல போய்ப் பாட முடியும்? நீங்களே சொல்லுங்க."

அப்பா கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் அவர் கேட்டைப் பார்க்கத்தான் போவார். எங்கள் கேட் அளவுக்குப் பத்திரமாகப் பூட்டப்பட்ட கேட் அந்தக் காலனியில் வேறு கிடையாது.

அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது வழக்கம். ஐதராபாத்தில் யாருக்கு நிலம்? கடையில் வாங்கிய பூசணிக்காய், வாழைத்தார், முறுக்கு, கேக் என்று வந்து குவியும். படைத்துவிட்டால் அது காணிக்கை; ஏலம் விடாமல் எடுக்கக் கூடாது. ஏலத்தில் எடுத்தவர் விரும்பினால் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் திரும்ப ஏலத்துக்கே கொடுக்கலாம். அப்படி ஒரே எலுமிச்சம்பழம் பலர் கைக்கும் போய்ப் போய் வரும்.

அம்மா எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கி, போர் தண்ணீர் பிடித்து, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, மாவிலை சொருகினாள். எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வாராவாரம் வேன் அனுப்புவது செயலாளர்தான். அந்த வேனிலேயே குடமும் ஏறியது. என்ன என்று டிரைவர் கேட்டதற்குக் காணிக்கை என்றாள் அம்மா. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தார். எனக்கு மட்டும் ஒரே குதூகலம். கன்று செத்தது என் சோம்பேறித்தனத்தால் இல்லை என்று நிரூபிக்கத்தான் அம்மா இவ்வளவும் செய்கிறாள் என்று நினைத்தேன். அப்படியானால் பென்சில் பாக்ஸ் எனக்குத்தானே?

ஏலம் போடுகிறவர் மாமா. வாய்ச் சவடாலில் அவரை மிஞ்ச ஆளில்லை. பூசணிக்காயைத் தூக்கிக் குழந்தைபோலத் தாலாட்டிக் காட்டியே விலையை ஏற்றிவிட்டார். அடுத்துக் குடத்துக்கு வந்தார்.

"பதநீர்! ஐதராபாத்துல பதநீர்! எக்கா, எங்க புடிச்ச?" என்று துணியை அவிழ்த்தார். குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாடை முன் வரிசைவரை வந்தது.

அம்மா எழுந்து நின்றாள்.

"அது பட்டான்செரு போர் தண்ணி. எங்க நிலத்துல இந்த வருசம் விளைஞ்சது இதுதான். விளைஞ்சதத்தானே கொண்டாரணும்?"

செயலாளர் கோபப்படவில்லை. "அதை ஓரமா வைங்க தம்பி, அடுத்ததை எடுங்க" என்றார் தன்மையாக. மாமா ஐயரைப் பார்த்தார். ஐயர் பீடத்து விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். முன் வரிசையிலிருந்து ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு தாத்தா கையை ஆட்டினார்.

"நக்கோ தம்பி, நக்கோ. பீடத்துக்கு முன்னால வெச்சதை ஏலம் போடாம எடுக்கிற பழக்கம் நம்ம சபையில கிடையாது."

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு குடம் தண்ணி. யாராவது கேளுங்க" என்றார். ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவோடு ஷேர் ஆட்டோவில் வந்து பார்த்தவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். "யாராவது கேளுங்க" என்றார் மாமா மறுபடியும். அம்மா உட்காரவில்லை. நான் திரும்பி அப்பாவைத் தேடினேன். கோயில் கேட்டைப் பார்க்கக் கிளம்பியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா கையைத் தூக்கியிருந்தார்.

"நூறு ரூவா" என்றார். சபையில் அவர் குரலைப் பலபேர் கேட்டது அதுதான் முதல் தடவை. செயலாளர் மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா கையை இறக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் குழாயைத் திறந்தால் கொட்டுகிற தண்ணீருக்கு நூறு ரூபாயா? அந்த நூறு ரூபாய்க்கு ஒரு பென்சில் பாக்ஸே வாங்கலாமே!

"அத்தான் நூறு ரூவா... ஒரு தரம்... ரெண்டு தரம்..." மாமா செயலாளர் பக்கம் பார்க்காமலே சொன்னார். "மூணு தரம்."

அப்பா முன்னால் வந்தார். பணத்தைக் கொடுத்தார். குடத்தைத் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் பழைய இடத்திலேயே வைத்தார்.

"திரும்ப ஏலத்துக்கு" என்றார்.

அதன்பிறகு பின் வரிசையிலிருந்து அடையாள அட்டை போட்ட பையன் ஒருவன் கேட்டான். அவனும் திருப்பிக் கொடுத்தான். ரயில்வே தாத்தா எடுத்தார், திருப்பினார். பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கூட்டாகச் சேர்ந்து எடுத்தார்கள். குடம் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னால் வந்தவர் குனிந்து அதற்குள் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் ஐயர் கேட்டார். ஏலத்தில் ஐயர் கேட்கிற வழக்கமே கிடையாது. மாமா மூன்று தரம் சொல்லி முடித்ததும் ஐயர் குடத்தின் வாயை மறுபடி கட்டினார்.

"இதை நான் திருப்பிக் கொடுக்கப்போறதில்லை. நாளைக்குக் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோகணும். யார் யார் கூட வாறீங்க?" என்றார். முடிவு ஜெபத்தில் எல்லா நீர்நிலைகளும் வரவில்லை. பட்டான்செரு என்று பேர் சொல்லியே ஜெபித்தார். அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

செயலாளர் ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போயிருந்தார். வேனும் போயிருந்தது. டவுன் பஸ்ஸில் இடிபட்டுத் திரும்பினோம். பென்சில் பாக்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன் ஒருவனுக்குப் போயிற்று. தண்ணீர்தான் காரணம் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் எனக்குக் கொடுக்காதது என்ன நியாயம் என்று பஸ்ஸில் சண்டை பிடித்தேன். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றாள் அம்மா.

மறுநாள் ஐயரோடு ஒரு கூட்டமே போனது. அந்த ஒரு தடவையில் ஒன்றும் நடந்துவிடவில்லை. அம்மா போனாள், திரும்பவும் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் நல்ல தண்ணீர்க் குழாய் வந்தபோது நான் நன்றாக வளர்ந்துவிட்டிருந்தேன்.

கிறிஸ்துமசுக்கு முன்பே குவார்ட்டர்ஸைக் காலி செய்து மௌலா அலியில் ஒற்றை அறை வீட்டுக்குப் போனோம். கோயிலுக்குப் பக்கம் என்று காரணம் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. மாமா மூலமாக அப்பாவுக்குக் கச்சிபௌலியில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் வேலை கிடைத்தது. நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் விசில். இருட்டோடு கிளம்பிப் போய், வருகிற வண்டிகளுக்கெல்லாம் கேட்டைத் திறந்து மூடுவார். கேட்டைப் பார்த்துக்கொள்வதுதான் அப்பாவுக்குப் பிடித்த காரியமாயிற்றே, அதையே வேலையாகக் கொடுத்துவிட்டார்களே என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வகுப்பில் எல்லோரிடமும் விசிலைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

மௌலா அலிக் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். ஆனால் வாடை இல்லாத தண்ணீர். அடுத்த வருஷம் கொடுத்த வேப்பங்கன்று கிடுகிடுவென்று என் இடுப்புக்கு வளர்ந்தது. அறுப்பின் பண்டிகையில் என் பேரைக் கூப்பிட்டார்கள். பென்சில் பாக்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு நின்ற என்னிடம், கன்றை எப்படி வளர்த்தாய் என்று டீச்சர் மைக்கை நீட்டினார்.

"போன வருசம் மாதிரியே, இந்த வருசமும் நான் ஒழுங்கா தண்ணி ஊத்தினேன்" என்றேன், தமிழிலேயே.

சபை சிரித்தது. அப்பா வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். நீலச் சட்டையோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் மட்டும் கைதட்டிக்கொண்டே இருந்தார். நான் டப்பாவை ஒரு தடவை திறந்து 'டக்' என்று மூடினேன். எல்லாம் என் உழைப்பால் வந்தது என்ற நினைப்பில், அவரைப் பார்த்துப் பெருமையாகத் தலையை ஆட்டினேன்.