வால் வெட்டிய ஜம்பர்

பெவன் டுஹோரோவோடு ஒரே பட்டறையில் இருபத்தோரு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். அந்த மனிதருக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. காலை பத்து மணித் தேநீருக்கு நாங்களெல்லாம் பெஞ்சில் சரிந்து கிடப்போம். அவர் ஒரு கையில் பொரித்த ரொட்டியும் மறு கையில் சிவப்புப் பேனாவுமாகப் பேனல்களைச் சுற்றிக்கொண்டிருப்பார். ஒரு வயரை இழுத்துப் பார்ப்பார், ஒரு திருகை முடுக்குவார், வரைபடத்தில் எதையோ அடிப்பார், திரும்பிப் போய் அதே வயரை மறுபடி இழுப்பார். அவர் மனைவி நைரி ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டாள்: "தூக்கத்துலகூட அவர் கை எதையாவது திருகிட்டே இருக்குடி. இவரக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

ரோட்டோருவா தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை. மர அறுவை ஆலைகளுக்கும் பால் தொழிற்சாலைகளுக்கும் கட்டுப்பாட்டுப் பேனல் செய்துகொடுக்கிறோம். ஆளுயர இரும்புப் பெட்டி, உள்ளே ஆயிரம் வயர். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்தப் பெட்டிதான். பெவன் வரைவார், நான் வயரிங் செய்வேன், கடைசியில் அவரே சோதிப்பார். புதிதாக வருகிற எல்லோரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஓட வைக்க எந்த மடையனாலயும் முடியும். நிறுத்துறதுக்குத்தான் நமக்குச் சம்பளம்."

அது சும்மா சொல்கிற பேச்சில்லை. இருபத்துநாலு வயதில் அவர் ஒரு காகித ஆலையில் எலெக்ட்ரீஷியன். உருளைக்குள் ஒரு ஆளின் கை போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தியும் மிஷின் நிற்கவில்லை. பெவன் அந்த ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், வண்டி நிறுத்துமிடத்தில், சாவியைத் திருகிக்கொண்டே. அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

ஜம்பர் விஷயத்தைச் சொன்னால்தான் மீதி புரியும். அறுவை ஆலையில் ரம்பத்தின் ஓரமாக நீளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு ஓடும். ஆபத்து என்றால் எங்கே நின்றாலும் அதை இழுக்கலாம், ரம்பம் நின்றுவிடும். எங்கள் பட்டறையில் ரம்பமும் இல்லை, கயிறும் இல்லை. கயிறு இல்லாத பேனல் சோதனைக்கு ஓட மறுக்கும். அதனால் கயிறு சேர வேண்டிய இடத்தில் ஒரு ஜோடி ஆரஞ்சு வயரைச் சொருகிப் பேனலை ஏமாற்றுவோம். அதுதான் ஜம்பர். சோதனை முடிந்ததும் கழற்றியே ஆக வேண்டும். மறந்தால், ஆலையில் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கலாம், பேனலுக்கு அது தெரியாது, ரம்பம் பாட்டுக்கு ஓடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பம்பு பேனலில் நான் ஒரு ஜம்பரை விட்டுவிட்டேன். பேனல் பட்டறையை விட்டுப் போகக்கூட இல்லை, பெவன் பார்த்துவிட்டார். பார்த்த மனிதர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தி அந்த வயரைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்னன்னு ரேவின் சொல்லுவா, எல்லாரும் கேளுங்க."

எனக்கு மானம் போயிற்று. நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை, நாற்பது நாள் நான் அவரோடு பேசவில்லை. அதன் பிறகுதான் ஒரு விதியைப் போட்டார். ஜம்பர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை நீளத்துக்கு வால் இருக்க வேண்டும், வால் பேனலுக்கு வெளியே தொங்க வேண்டும். வால் தொங்கினால் கதவு மூடாது. கதவு மூடினால் உள்ளே ஜம்பர் இல்லை என்று அர்த்தம். ஏழு ஜம்பர் செய்து, நம்பர் போட்டு, சுவரில் ஏழு கொக்கியில் மாட்டினார். நல்ல விதிதான். கோபத்திலும் அதை நான் ஒப்புக்கொண்டேன்.

போன மாதம் முருபாரா தாண்டி ஒரு அறுவை ஆலைக்குப் பேனல் செய்தோம். பலகையின் ஓரத்தை அறுக்கிற ரம்பத்துக்கு. பெவனின் அக்கா மகள் கூரா அந்த ஆலையில்தான் மிஷின் ஓட்டுகிறாள், முப்பத்துமூன்று வயது, இரண்டு பிள்ளைகள். சோதனை பாதியில் இருக்கும்போது ஆலைக்காரர்கள் பார்க்க வந்துவிட்டார்கள். எங்கள் முதலாளி கேமராவோடு ஓடி வந்தார்.

"பெவன், கதவ மூடுங்க, பளபளன்னு இருக்கு, ஒரு படம் எடுத்துக்கலாம்."

"இப்ப முடியாது, சோதன நடக்குது."

"ஒரே நிமிஷம்பா. இவங்க கிளம்பணும்."

மற்ற ஜம்பர்களைக் கழற்றியாயிற்று. கயிற்றுக்கானது ஒன்றுதான் பாக்கி. அதைக் கழற்றினால் பேனல் அணைந்து சோதனையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெவன் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டரை எடுத்து வாலை நறுக்கினார், மிச்சத்தை வயர் ஓடும் தடத்துக்குள் திணித்தார், கதவை மூடினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்தவருக்கு விதி, உங்களுக்கு இல்லையா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. பழைய கோபம், வேறென்ன. தப்பு செய்யட்டும், என்றைக்காவது குத்திக்காட்டலாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த பேனலைச் சோதிக்க ஜம்பர் எடுக்கப் போன மனிதர் சுவர் முன்னால் அப்படியே நின்றார். ஏழாவது கொக்கி காலி. மேஜைக்கடியில் தேடினார். இழுப்பறையைக் கவிழ்த்தார். சட்டைப் பையை ஆறு தடவை தடவினார். வால் போன ஜம்பர் எதற்கும் உதவாது, கழற்றிக் குப்பையில் போட்டிருக்கலாம். போட்டாரா? அதுதான் அவருக்கு ஞாபகம் இல்லை. கதவு மூடியிருந்தது, எல்லாம் சுத்தம் என்று நம்பி லாரியில் ஏற்றிவிட்டோம்.

ஆலையின் எலெக்ட்ரீஷியன் கிளிண்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"புது ரம்பம் எப்படி ஓடுது?"

"திங்கக்கிழமையிலேர்ந்து வெண்ணெய் மாதிரி ஓடுது பெரியவரே."

"நிறுத்தமெல்லாம் சோதிச்சுட்டியா? கயிறு?"

"எல்லாம் ஆச்சு, எல்லாம் ஆச்சு. ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

வைத்துவிட்டார். அந்த 'ஒண்ணுமில்ல' என் காதில் உறைத்தது. அன்று முழுக்க அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. குப்பைத் தொட்டியருகே போனார், வந்தார். டீ போட்டார், குடிக்க மறந்தார். வரைபடத்தை விரித்தார், சுருட்டினார். ஐந்து மணிக்கு என் பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமலே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் அவருடைய வேன். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ரேவின், அந்த ஜம்பர நான் எடுத்தேனா? நீ பாத்தியா?"

"நறுக்கினதப் பாத்தேன் அண்ணே. எடுத்ததப் பாக்கல."

"நறுக்கும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன்," என்றார். "இன்னிக்கு கூரா வேலையில இருக்கா. வேல நேரத்துல அங்க செல்போன லாக்கர்ல வெச்சிருவாங்க. கிளிண்டும் எடுக்க மாட்டேங்கிறான். நீயும் வாடி. தனியா ஓட்டினா நான் எங்கயாவது மரத்துல விட்டுருவேன்."

வேனை நானே ஓட்டினேன். கைங்காரோவா பைன் காட்டு ரோட்டில் ஒரு மர லாரி எங்களுக்கு முன்னால் ஆமையாகப் போனது, முந்த வழியில்லை. பெவன் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், இறக்கினார். "முந்து, முந்து" என்றார். எதிரில் இன்னொரு லாரி வந்தது. "சரி சரி, முந்தாத" என்றார். குத்திக்காட்டுவதற்கு இரண்டு வருடம் காத்திருந்த எனக்கு அன்று நாக்கு எழவில்லை. கூராவின் கைகள்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தன.

ஆலையில் கிளிண்ட் எங்களைப் பார்த்ததும் முகம் சுளித்தான். வாசலில் மூன்று லாரி பலகைக்குக் காத்திருந்தது.

"சனிக்கிழமையும் விட மாட்டீங்களா பெரியவரே? நல்லா ஓடுறத எதுக்கு நிறுத்தணும்?"

"உள்ள ஒரு ஜம்பர் இருக்கலாம்."

கிளிண்ட் என் பக்கம் திரும்பினான். "இவங்கதானே முன்னாடியும் ஒண்ண விட்டவங்க? கேள்விப்பட்டேன்."

"இவ இல்ல. நான் விட்டது," என்றார் பெவன். "நேத்தே சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுகிட்டு மறைச்சுட்டேன். நிறுத்துப்பா."

அவர் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை நான் கேட்டதே இல்லை. கிளிண்டும் மறுபேச்சு பேசாமல் பலகை வரத்தை நிறுத்தினான். எல்லோரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் தள்ளி நிற்க வைத்தார்கள். ரம்பம் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. பெவன் போய்ச் சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

ரம்பம் ஓடியது. இன்னொரு தடவை, உடம்பு முழுக்கச் சாய்த்து இழுத்தார். ஓடிக்கொண்டே இருந்தது. கிளிண்ட் பாய்ந்து ரம்ப மேஜையில் இருந்த நிறுத்தும் பட்டனை அடித்த பிறகுதான் நின்றது. "நான் இந்தப் பட்டன மட்டும்தான் சோதிச்சேன்," என்றான். யாரும் அவனைத் திட்டவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுப் பேனலைத் திறந்தோம். தடத்தின் மூடியை நான் கழற்றினேன். விரல் நீளத்துக்கு ஆரஞ்சு ஜோடி வயர், ஏழாம் நம்பர் வளையத்தோடு, சமர்த்தாகப் படுத்திருந்தது. பெவன் அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் மறுபடி ஓடவிட்டுக் கயிற்றை இழுத்தார், நின்றது. கயிற்றின் மறுமுனைக்குப் போய் இழுத்தார், நின்றது. பதினோரு தடவை இழுத்தார். கிளிண்டே வந்து போதும் என்று கையைப் பிடித்தான்.

கூரா காதுக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். மரத்தூள் ஒட்டிய கன்னம், சிரித்த முகம். என்ன நடந்தது என்று பெவன் அவளிடம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

"இந்த வாரம் உள்ள எதாவது சிக்கிச்சா?"

"மூணு தடவ சிக்கிச்சு மாமா. கட்டையால தட்டினதும் வந்துடுச்சு. வரலைன்னா கயிற இழுத்துட்டுக் கைய விடலாம்னு இருந்தேன்."

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் கையை விட வேண்டும் என்பது சட்டம். கயிற்றை இழுத்துவிட்டுக் கையை விடுவது எல்லா ஆலையிலும் நடக்கிற பழக்கம். அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ள எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"காலையில வேல ஆரம்பிக்கும்போது இழுத்துப் பாக்க மாட்டியா? தினம் பாக்கணும்ல?"

"மத்த மிஷின் எல்லாத்துலயும் இழுத்துப் பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பேன் மாமா," என்றாள் கூரா. "இது நீங்க செஞ்ச பெட்டியாச்சே. அதான் பாக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாங்கள் இருவருமே அவள் முகத்தைப் பார்க்கவில்லை.