செல்வியக்காவுக்காக நின்ற பஸ்

திருக்கோகர்ணத்தில் இன்று ஷேர் ஆட்டோவில் யாரோ ஏற்றிய ஈரச்சாக்கிலிருந்து மல்லிகை மணத்ததும், சிறுவயதில் எங்கள் ஊருக்குள் வந்து கீரமங்கலத்துக்குத் திரும்பிய காலை பஸ் நினைவுக்கு வந்தது. வெயில் ஏறி மொட்டு விரிந்துவிட்டால் கீரமங்கலம் பூக்கடையில் எடுக்கமாட்டார்களே என்று பூமூட்டையோடு ஏறிய எல்லோருக்கும் இருந்த பதற்றத்திலும், "செல்வியக்கா இன்னும் வரலங்க, செத்த இருங்க" என்று பஸ்ஸே குரல் கொடுக்கும். கால் ஊனமான அவர் பூமூட்டையோடு தாங்கித் தாங்கி வந்து ஏறும்வரை கண்டக்டர் விசில் கொடுக்கமாட்டார். பிறகு நல்ல ரோடு வந்தது, வீட்டுக்கு வீடு பைக் வந்தது, ஏற ஆளில்லாமல் பஸ் நின்றுபோனது.

போன மாதம் ஊருக்குப் போனபோது செல்வியக்கா பழைய ஸ்டாப்பில் நின்று, போகிற பைக்குக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தார். "எல்லாம் நம்ம புள்ளைகதான் தம்பி, அவுகளுக்கு என்ன அவசரமோ" என்றார். காலடியில் மூட்டைக்குள் பூ விரிந்து, அந்த இடமே மணத்துக்கொண்டிருந்தது.