சாந்தா சிஸ்டர் சொல்லாத பெயர்

சாந்தா சிஸ்டர் காலமான செய்தியை போர்ட் பிளேரின் ஜங்லிகாட் சந்தையில் மீன்காரர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருந்த தன் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். கஷ்டப்படாமல் போனாரே என்று ஆறுதலாக இருந்தது. ஆனால் அதற்கும் முன்னால், ஒரு நொடி, வேறொரு நிம்மதி எனக்குள் வந்து போனது. என் விஷயம் தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டார் என்ற நிம்மதி. கையில் மீன் பையோடு நடுச்சந்தையில் கூசிப்போய் நின்றேன்.

சிஸ்டரைத் தெரிந்த எல்லோருக்கும், முக்கியமாக அவர்மேல் இன்னும் கோபம் வைத்திருக்கும் தகரக் கொட்டகைக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன்.

நான் கச்சால் தீவில் ரப்பர் மரத்தில் கீறிப் பால் எடுத்தவன். சுனாமியில் என் மனைவி பாக்கியம் போனாள். நானும் பத்து வயது மகள் கலாவும் மிஞ்சினோம். போர்ட் பிளேருக்கு வெளியே தகரக் கொட்டகைகள் கட்டிப் பல தீவுக்காரர்களைக் குடிவைத்தார்கள். எங்களுக்கும் ஓர் அறை கிடைத்தது. மனநோய் வார்டில் நர்ஸாக இருந்த சிஸ்டரை எங்களோடு பேசுவதற்கென்று அங்கே அனுப்பியிருந்தார்கள். மனசு சரியில்லையா என்று கேட்க வந்தவரிடம், தகரம் சுடுகிறது, அதற்கு மாத்திரை உண்டா என்று நாங்கள் கிண்டல் செய்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மேட்டிலிருந்த தொட்டியிலிருந்து ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாயில்தான் எல்லோருக்கும் தண்ணீர் வரும். அடுத்த ஆண்டு கோடையில் அதை யாரோ வெட்டினார்கள். ஒட்டினால் மறுபடியும் வெட்டினார்கள். மூன்றாம் முறை வெட்டுக்குக் கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. திமிரைப் பார், நம்மைக் கேலி செய்கிறான் என்று எல்லோரும் கொதித்தார்கள். இது ஒரு சமூக விரோதியின் வேலை, பிடித்துப் போலீசில் கொடுத்துவிட்டுக் குடும்பத்தையும் கொட்டகையிலிருந்து துரத்த வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. உரக்கக் கத்தியவர்களில் நானும் ஒருவன்.

வெட்டியவனும் நான்தான்.

சிஸ்டர் அந்த வெட்டைக் குனிந்து பார்த்தார். அவர் குலசேகரம் பக்கத்துக்காரர், அங்கேயும் ரப்பர் தோட்டங்கள் உண்டு. அன்று சாயங்காலம் என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"எங்க அப்பாவும் ரப்பர் வெட்டுதவருதான், அண்ணே. இப்படிச் சாச்சு வெட்டிட்டுப் பால் புடிக்கக் கீழ சிரட்டை வைக்காம அந்தக் கைக்கு இருக்க முடியாது."

சிரட்டையை வைத்ததே எனக்கு நினைவில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகச் செய்திருக்கிறது. பிடிபட்டவனுக்குப் பயம் வர வேண்டும், எனக்கு உடம்பே லேசானது. அழுது தீர்த்தேன். ஏன் செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "மொத தடவை வெட்டுததுக்கு முந்துன நாள் என்ன நடந்தது? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஆளுக்கு ஒரு கேன் என்பது தண்ணீர் வரிசையின் சட்டம். நான் மூன்று கேன் வைப்பேன். பாக்கியத்தின் உடல் கிடைக்கவில்லை, அவளுக்கும் சேர்த்து வைப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை. அன்று ஒருவர், உன் வீட்டில் இரண்டு பேர்தானே என்று மூன்றாவது கேனைத் தூக்கி வெளியே வைத்தார். அவர் மேல் தப்பில்லை. மறுநாள் விடிந்ததும் ரப்பர் கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். வேலையில்லாமல் கிடந்த கைக்கு அந்த வெட்டு இதமாக இருந்தது. அதையும் சிஸ்டரிடம் மறைக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வருத்தம் வேற, செஞ்சது வேற. வருத்தத்தை நான் உக்காந்து கேக்கேன். செஞ்சதை நீங்கதான் சரியாக்கணும்."

மறுநாள் கொட்டும் மழையில் என்னைக் குழாயை ஒட்ட வைத்தார். சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினேன். அவர் குடைபிடித்து நின்றுகொண்டு, இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று அதட்டினார். என்ன நல்ல மனுஷன் என்று வரிசையில் நின்றவர்கள் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைப் போல ஒரு தண்டனையை நான் அனுபவித்ததில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் சிஸ்டர் எழுந்து, யாரென்று எனக்குத் தெரியும், இனி குழாய் வெட்டுப்படாது, பெயரைக் கேட்காதீர்கள் என்றார். "நாம் பதாவோ, நாம் பதாவோ" என்று இந்தியில் பெயர் கேட்டுக் கூட்டமே கத்தியது. கலா என் மடியில் இருந்தாள். பெயர் வெளியே வந்தால் அவளுக்குக் கூரை இல்லை. நான் தலையைத் தூக்கவில்லை. ரவுடிக்குத் துணை போகிறவள் என்று மனு எழுதினார்கள், சிஸ்டரை வேறொரு தீவுக்கு மாற்றினார்கள். போகும்போது என்னிடம், "பேரைச் சொல்லுதது உங்க வேலை. முடியுத அன்னைக்குச் சொல்லுங்க" என்றார். அந்த மனுவில் என் கையெழுத்தும் இருந்தது.

சிஸ்டர் ஓய்வு பெற்று டெய்ரி ஃபார்மில் குடிவந்த பிறகு, நான் குடியேறிய சௌல்தாரியில் போடும் வெண்டையையும் கத்திரியையும் கொண்டுபோய்க் கொடுப்பேன். கத்திரி கசக்கிறது என்று திட்டுவார். பழைய கொட்டகைக்காரர்கள் சிலர் அவரைக் கண்டால் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் ஒருநாளும் என்னை அவசரப்படுத்தவில்லை. நான்தான் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டேன்.

செய்தி கேட்ட அன்று சாயங்காலமே, பத்து வருஷமாக மறைத்த எல்லாவற்றையும் கலாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது கல்லூரிக்குப் போகிற பெண், முழுக்கக் கேட்டாள். பிறகு, "அந்த மூணாவது கேன் அம்மாவுக்குன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். 

சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். யாராவது எதையாவது உடைத்தால், அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று கேட்கிறேன். அவர்மேல் கோபமாக இருப்பவர்கள் அந்தக் கோபத்தை இனி என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், அது எனக்கு நிம்மதி. நான் சொல்லச்சொல்ல இதையெல்லாம் எழுதிய கலா, கடைசியில் பேனாவை என் கையில் கொடுத்து, பெயரை மட்டும் நீங்களே எழுதுங்கள் என்றாள்.

மு. சுப்பையா, சௌல்தாரி.