கடல் தொட்டியில் களையெடுத்த கதை

கடல் மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் இந்தத் தொழிலில், மீனால் எனக்குக் கோபம் வந்ததே கிடையாது. திண்டிவனம், விழுப்புரம், கோட்டக்குப்பம் என்று ஸ்கூட்டரில் சுற்றிப் பதினோரு தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். குழாய் விட்டு உறிஞ்சி உப்புத் தண்ணீர் மாற்றுவது, கண்ணாடி துடைப்பது, மோட்டாரைக் கழற்றிக் கழுவுவது, இதுதான் வேலை. வாளியோடு தெருவில் இறங்கினால், "இன்னிக்கு என்னம்மா மீனு, சங்கராவா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒரு களை. கடல் கல்லில் ஒட்டிக்கொண்டு வரும் பழுப்பு நிறக் கடல் சாமந்தி அது, சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. பார்க்கத்தான் பூ. உண்மையில் அது கொட்டுகிற பிராணி, பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடித்துவிடும். பிய்த்து எறிந்தால் பிய்ந்த துணுக்கெல்லாம் தனித்தனியாக வளரும். வீட்டில் தொட்டி வைத்து இதனிடம் மாட்டியவர்கள் இந்நேரம் பல்லைக் கடித்திருப்பீர்கள். நானும் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கல் பூத்த வீடு

திண்டிவனத்தில் ஒருவர் முன்பக்கம் ஹார்டுவேர் கடையும் பின்பக்கம் வீடுமாக இருக்கிறார். ஒருநாள் போன் செய்தார். குரலில் கல்யாண வீட்டுச் சந்தோஷம். தொட்டிக் கல் பூத்திருக்கிறது, உடனே வந்து பார்க்க வேண்டும் என்றார். போய்ப் பார்த்தால் நாற்பதுக்குக் குறையாமல் களை. முதலில் ஒன்றுதான் இருந்ததாம். அதற்குத் தினமும் காலையில் இறாலைப் பொடியாக நறுக்கி, இடுக்கியால் பிடித்து ஊட்டியிருக்கிறார். பெயிண்ட் வாங்க வந்தவர்களையெல்லாம் உள்ளே கூட்டிவந்து காட்டியும் இருக்கிறார்.

ஆசையாக வாங்கி வைத்த பச்சைப் பவளம் ஒருபக்கம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. அதைக் காட்டி அரை மணி நேரம் விளக்கினேன். இது தின்னத் தின்னப் பெருகும், தீனியை நிறுத்துங்கள், ஒவ்வொன்றாக நான் ஊசி போட்டு அழிக்கிறேன் என்றேன். அவர் முகம் வாடிப்போனது. கொலை செய்ய வந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காசு குடுத்து வாங்கினது ஒண்ணும் பூக்கல. தானா வந்தது பூத்துக்கினு இருக்கு. இதைப் போய் சாவடிக்கணும்னு சொல்றீங்களேம்மா."

வேரோடு பிடுங்கிய டாக்டர்

விழுப்புரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் இடத்தில் தொட்டி இருக்கிறது. அங்கே ஏழு களை முளைத்திருந்தது. கையால் தொடாதீர்கள், சுரண்டாதீர்கள், அடுத்த வாரம் மருந்தோடு வருகிறேன் என்று மூன்று முறை சொன்னேன். மருந்து பெரிய ரகசியம் இல்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் சுத்தமான வகைதான். அதைத் தயிர் பதத்தில் குழைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, ஊசிக்குழாயால் களையின் வாயில் இறக்க வேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் பொந்துக்குள் சுருங்கிக்கொள்ளும். ஒரே நாளில் நிறைய போட்டால் தண்ணீர் கெட்டுப்போகும். பொறுமை வேண்டும்.

டாக்டருக்கு அது இல்லை. பல்லில் கறை சுரண்டும் கருவியை எடுத்து ஏழையும் சுரண்டிவிட்டார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததால் துணுக்குகள் தொட்டி முழுக்கப் பறந்திருக்கின்றன. அடுத்த வாரம் நான் போனபோது கல், மணல், மோட்டார் மூடி, கண்ணாடி மூலை என்று எங்கே பார்த்தாலும் கடுகளவில் களை. எண்ணுவதை அறுபதில் நிறுத்திவிட்டேன். ஏன் சார் தொட்டீங்க என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது. தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாலு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். டாக்டருக்கும் கோபம் வந்துவிட்டது. "நான் வேரோடதான் எடுத்தேன். முப்பது வருஷமா எடுத்துக்கினு இருக்கேன், ஒரு பல்லாவது திரும்பி முளைச்சிருக்கா?"

ஆறு இறால்

கோட்டக்குப்பத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் துபாயிலிருந்து திரும்பி வந்தவர், நல்ல மனிதர். அவர் தொட்டிக்காக, இந்தக் களையைத் தின்னும் ஒருவகைக் குட்டி இறாலைச் சென்னையில் தேடிப்பிடித்து ஆறு வாங்கிவந்து விட்டேன். மறுநாளே அவர் புதுச்சேரியில் பார்த்து ஆசைப்பட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு முரட்டு மீன் வாங்கி அதே தொட்டியில் போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாரக் கடைசியில் போய்ப் பார்த்தேன். களை இருந்தது, மீன் இருந்தது, இறால் ஒன்றுகூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பூரிப்போடு சொன்னார்: "புது மீனு ஜல்தியா சாப்பிடுதும்மா. அதே எறா இன்னும் ஒரு ஆறு எடுத்துக்கினு வாங்க."

மருந்து

கூட்டேரிப்பட்டில் நடந்ததைச் சிரிக்கிற மாதிரி எழுத எனக்கு வராது. சுகன்யா திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பஸ்ஸில் போய் வருகிற பெண். சொந்தச் சம்பளத்தில் சிறிய தொட்டி வைத்து மூன்று வருஷமாக ஒரு ஜோடிக் கோமாளி மீன் வளர்த்தாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்குமே, அது. அந்த ஜோடி கல்லில் முட்டை வைத்திருந்த சமயத்தில், சரியாக அதன் பக்கத்திலேயே களை முளைத்தது. வேலை விட்டு வந்தால் அவள் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

அவள் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். ஒருநாள் நான் வேலை முடித்துக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, அது செடியா பூச்சியா என்று கேட்டார். விழுப்புரத்துக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், பூச்சிதாங்க என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். நின்று இரண்டு நிமிஷம் விளக்கியிருக்கலாம்.

மூன்றாம் நாள் சுகன்யா போன் செய்தாள். அழுதுகொண்டே உடனே வரச் சொன்னாள். போனேன். மீன் இரண்டும் அடியில் கிடந்தன. முட்டைக்கு விசிறிவிடுகிற ஆண் மீன் முட்டையை ஒட்டியே கிடந்தது. நத்தை, இறால் எல்லாம் போயிருந்தது. மல்லாட்டைக்கு அடிக்கும் பூச்சி மருந்தில் ஒரு மூடி ஊற்றியிருக்கிறார் மனுஷன். பெண் கவலைப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவள் வேலைக்குப் போன பிறகு ஊற்றியிருக்கிறார். அத்தனை பிணத்துக்கு நடுவில் அந்தக் களை மட்டும் கையை விரித்துக்கொண்டு நன்றாக நின்றது. வாளியை அப்படியே தரையில் போட்டேன். படித்துப் படித்துச் சொல்லியும் இப்படித்தான் செய்வீர்களா என்று கத்தினேன். அவரிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை என்பது கத்தும்போது நினைவில் இல்லை. அவர் திருப்பிக் கத்தவில்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்கதானேம்மா பூச்சின்னு சொன்னீங்க."

எதில் வந்தது

விழுப்புரத்தில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா புதிதாகத் தொட்டி வைத்தார். நான் சொன்னதை எழுதிவைத்துக்கொண்டு அப்படியே செய்கிற ஒரே வாடிக்கையாளர் அவர்தான். வெயிலில் காய்ந்த கல், பாக்கெட் உப்பு, வடிகட்டின தண்ணீர், இரண்டே மீன். பவளம் எதுவும் இன்னும் வாங்கவில்லை. இரண்டாம் மாதம் அந்தத் தொட்டியில் களை முளைத்தது. மீன் விற்ற கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தேன். மீன் வந்த பையின் தண்ணீரை ஒரு சொட்டுகூட உள்ளே விடவில்லை, நீங்கள் சொன்னபடி கொட்டிவிட்டேன் என்றார் அந்த அம்மா. பிறகு, குரலை உயர்த்தாமல், வெளியிலிருந்து இந்தத் தொட்டிக்குள் போனது வேறு என்னென்ன என்று கேட்டார். அவர் எங்கே வருகிறார் என்று புரிந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து வருஷமாக இந்த வேலை செய்கிறவளை இப்படிக் கேட்பீர்களா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், தண்ணீர் உறிஞ்சும் என் குழாயைக் கத்தியால் நீளவாக்கில் கிழித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள்சுவரில் பழுப்பாக, கடுகு கடுகாக ஒட்டியிருந்தது. எல்லா வீட்டிலும் அதே குழாய்தான். ஹார்டுவேர் கடை, டாக்டர், கோட்டக்குப்பம், எந்த வீட்டில் எடுத்து எந்த வீட்டில் விட்டேனோ தெரியாது. ஆனால் கூட்டேரிப்பட்டுத் தொட்டியில் மூன்று வருஷம் களை இல்லை. நான் அங்கே போக ஆரம்பித்த பிறகுதான் வந்தது. அந்தக் கணக்கு எனக்கு உடனே புரிந்துவிட்டது. சுகன்யாவுக்குப் போன் செய்து சொன்னேன். இதை அப்பாவிடம் சொல்லட்டுமா, அன்றிலிருந்து அவர் தொட்டி இருக்கும் அறைக்குள்ளேயே வருவதில்லை என்றாள். கண்டிப்பாகச் சொல் என்றேன்.

மறுநாள் காலையில் புதுக் குழாயோடு வங்கி அம்மா வீட்டுக்குப் போய், குற்றம் என்னுடையதுதான் என்று நின்றேன். காபி கொடுத்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னார்: "இனிமே முதல்ல எங்க வீட்டுக்கு வாங்க, அப்புறமா மத்த வீட்டுக்குப் போங்க."

இப்போது வீட்டுக்கொரு குழாயாகப் பதினோரு குழாய்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போகிறேன். கோபமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது, திட்டத்தான் வெளியில் ஆள் கிடைக்கவில்லை.